ஐம்பத்து நாலு படி

ஸ்ட்ராம்னஸ், ஆர்க்னி தீவு
2 மே 1986

என் தங்கச்சி பீனிக்கு,

கிப்பி அண்ணன் எழுதிக்கறது. நான் நல்லா இருக்கேன். எழுபத்தோரு வயசுக்காரன் எவ்வளவு நல்லா இருக்கலாமோ அதவிட ஒரு பங்கு கூடவே நல்லா இருக்கேன். கோழிங்க பதினொண்ணும் சௌக்கியம். நீ எப்படி இருக்கே? அந்த மூணாவது மாடி ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு லீத் தெருவுல போற வர்றவன் வழுக்கையெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்கியா?

இப்ப நாற்காலியக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. உங்கண்ணன் எடின்பரோ வர்றான்!

கடல் மீட்புப் படகு நிதிக்காக ஊர்ச் சங்கத்துல குலுக்கல் சீட்டு வித்தாங்க. நான் ஆசைப்பட்டது ரெண்டாம் பரிசு, ஒரு பாட்டில் விஸ்கி. அது மதகுரு வீட்டுக்குப் போயிடுச்சு. அந்த மனுஷன் தேநீரத் தவிர எதையும் தொடமாட்டார். எனக்கு விழுந்தது முதல் பரிசு. எடின்பரோவுக்கு பஸ் பயணம், மூணு ராத்திரி ஓட்டல்ல தங்கல், காலைச் சாப்பாடு சேத்தி. செப்டம்பர் பதினொண்ணாந்தேதி கிளம்பறோம். பதினாறு பேரு. அதுல தோரா ஃப்ளெட்டும் ஒருத்தி. தெரியுமில்ல, அந்த ரிட்டயர்டு டீச்சர்? இப்பவே வழிகாட்டிப் புஸ்தகத்த வாங்கி மனப்பாடம் பண்ணிக்கிட்டிருக்கா. நான் பன்னெண்டு வயசுல பள்ளிக்கூடத்துலருந்து தப்பிச்சு படகுல குதிச்சவன். இப்ப திரும்பப் பிடிச்சுட்டாங்க.

கப்பல்ல இருந்த காலத்துல லீத் துறைமுகமும் உன் வீடும் தவிர அந்த ஊர்ல நான் ஒண்ணும் பாத்ததில்ல. கோட்டைய ஒரு தடவ பாத்தேன், அதுவும் பனிமூட்டத்துல பாதிதான் தெரிஞ்சுது. மீதிப் பாதியப் பாக்கணும்.

உடனே பதில் போடு.

உன் பரிசுக்கார அண்ணன்,
கிப்பி

*

லீத், எடின்பரோ
8 மே 1986

அன்புள்ள கிப்பி அண்ணனுக்கு,

உன் தங்கை ராபினா எழுதுவது. நான் சுகமாகவே இருக்கிறேன். உன் கடிதத்தைப் படிக்கட்டிலேயே பிரித்துப் படித்து, நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பெட்டிகுரூ கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்துவிட்டார். எண்பது வயது. சவர நுரை ஒரு கன்னத்தில். "யாரு செத்தது?" என்று கேட்டார். "யாரும் சாகல, எங்கண்ணன் வர்றான்" என்றேன். "அந்தச் செம்பட்டைத் தலையனா?" என்று சிரித்துவிட்டு மறு கன்னத்துக்கு நுரை போடப் போனார்.

நீ ஓட்டலில் தங்க வேண்டாம். என் வீட்டில் தங்கு. பின்னறையில் புதுப் போர்வை போட்டு வைக்கிறேன். முப்பத்தொரு வருடமாகக் கூப்பிடுகிறேன் அண்ணா. ஒரு வருடம் படகு பழுது என்றாய். ஒரு வருடம் பசு கன்று போட்டது. ஒன்பது வருடமாகக் கோழிகள். கோடை தோறும் நான்தான் அங்கே வந்துகொண்டிருந்தேன். அதுவும் இந்த மூன்று வருடமாக இல்லை. என் வாசற்படியை நீ ஒருமுறை மிதித்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். தினமும் பகல் ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கடிகாரம் திருத்துவதற்காக வந்த வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெடிக்க மாட்டார்கள். உன் தோரா டீச்சரிடம் சொல்லிவை.

ஆசையோடு காத்திருக்கும்,
ராபினா

*

ஸ்ட்ராம்னஸ்
21 மே 1986

பீனிக் குட்டிக்கு,

சுகம், சுகம், அதே சுகம். முட்டி கொஞ்சம் முணுமுணுக்குது, நான் காதுல வாங்கல.

பின்னறைப் போர்வைய மடிச்சு வெச்சுடு. பரிசுல ஓட்டல் இருக்கு, அத வேணாம்னு சொன்னா சங்கத்துக்காரங்க முகம் வாடிப்போயிடும். அதுலயும் காலைச் சாப்பாடு! ரெண்டு முட்டை, பன்றிக்கறி, ரத்தத்துல செஞ்ச கறுப்புப் புட்டு, எல்லாம் தட்டுல வெச்சு ஒரு பொண்ணு கொண்டாந்து குடுக்குமாம். எனக்கு இதுவரைக்கும் முட்டைய கொண்டாந்து குடுத்தது கோழி மட்டுந்தான்.

நீ காலைல ஓட்டல் வாசலுக்கு வந்துடு. அங்கேருந்து நாள் பூரா சுத்தலாம்.

பீரங்கி சேதிக்கு நன்றி. அத தோராகிட்ட சொல்லமாட்டேன். அத வெச்சு எனக்கு வேற வேலை இருக்கு.

உன் அண்ணன்,
கிப்பி

*

லீத்
29 ஜூலை 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? பதில் தாமதம். சில வேலைகள் இருந்தன, ஒன்றும் பெரிதில்லை.

ஓட்டல் என்று முடிவு செய்துவிட்டாய், சரி. ஆனால் வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு என் வீட்டில். இதில் பேச்சே கிடையாது.

திட்டம் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோட்டை, அங்கிருந்து ராயல் மைல் தெருவில் இறங்கி நடப்பது. கீழ்நோக்கித்தான் நடப்போம். சனிக்கிழமை பிரின்சஸ் தெருத் தோட்டமும் பூக்கடிகாரமும். அங்கே ஒரு கறுப்புக் கோபுரம் இருக்கிறது. ஆசை இருந்தால் நீ ஏறு, நான் கீழே பெஞ்சில் இருப்பேன். எனக்கு அது பழகிப்போனது.

வரும்போது நம் ஊர்ப் பாலாடைக்கட்டி கொண்டுவா. இங்கே விற்பது சோப்பு.

அன்புடன்,
ராபினா

*

ஸ்ட்ராம்னஸ்
9 ஆகஸ்ட் 1986

பீனிக்கு,

ரெண்டு மாசமா தபால்காரன் கையப் பாத்துப் பாத்து என் கண்ணு பூத்துப்போச்சு. நீயே முப்பது வருஷம் தபாலாபீஸ்ல உக்காந்து ஊரு லெட்டர முத்திரை குத்தினவ. உனக்கு ஒரு லெட்டர் எழுத ரெண்டு மாசமா? "சில வேலைகள்"னா என்ன வேலை? பெட்டிகுரூவுக்கு மறு கன்னம் சவரம் பண்ணிவிடறியா?

போகட்டும். இங்க ஊரே அல்லோலகல்லோலப்படுது. புதுத் தொப்பி வாங்கிட்டேன். பாலாடைக்கட்டி ரெண்டு முழு வட்டம், வாற்கோதுமை ரொட்டி ஒரு டஜன், புகைபோட்ட மீன் ஒரு கட்டு. பஸ்ல பக்கத்துல யாரு உக்காரப் போறாங்களோ அவங்க பாவம். தோராவாத்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்.

இன்னும் முப்பத்துமூணு நாள். காலண்டர்ல தினம் ஒரு கோடு போடறேன், ஜெயில்ல போடற மாதிரி.

கிப்பி

*

ஸ்ட்ராம்னஸ்
18 செப்டம்பர் 1986

என் ராஜகுமாரி பீனிக்கு,

வந்து சேந்தாச்சு. உடம்பு சௌக்கியம். கோழிங்க கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாளா முட்டை போடல. தலை மட்டும் இன்னும் எடின்பரோவுலயே சுத்திக்கிட்டிருக்கு! நீ கூடவே இருந்தே, ஆனா நீ பாத்த எடின்பரோ வேற, நான் பாத்தது வேற. அதனால முழுசா எழுதறேன், கேளு.

முதல்ல பீரங்கி. வெள்ளிக்கிழமை டமால்னு வெடிச்சுதே, நாங்க ஆர்க்னிக்காரங்க பதினாறு பேரும் ஒட்டுமொத்தமா குனிஞ்சோம். உங்க ஊர்க்காரன் ஒருத்தன்கூட அசையல, எல்லாரும் கைக்கடிகாரத்தத் திருப்பிப் பாத்தான். நீயும் பாத்தே! பக்கத்துல குண்டு விழுந்தாக்கூட உங்க ஊர்ல மணிதான் பாப்பாங்க போல.

ஞாயித்துக்கிழமை நீ சர்ச்சுக்குப் போயிட்டே. அப்ப நடந்தது உனக்குத் தெரியாது. ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்ப பஸ்காரங்க எல்லாரையும் கோட்டையப் பாத்து வரிசையா நிக்க வெச்சேன். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, சாமி நாளு, ரெட்டை மருந்து போட்டு வெடிப்பாங்க. காத நல்லாப் பொத்திக்கங்க"ன்னேன். பொத்திக்கிட்டாங்க. ஒரு மணி ஆச்சு. ஒண்ணு அஞ்சாச்சு. தோரா ரெண்டு காதுலயும் விரல விட்டுக்கிட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நிக்கறா. ஒரு போலீஸ்காரர் வந்து "அம்மா, உடம்புக்கு ஏதாவது முடியலையா?"ன்னு கேட்டார். அவ காதுதான் பொத்தியிருக்கே, "எத்தன பவுண்டு மருந்து?"ன்னு கத்தினா. திரும்பற வழியில இன்வர்னஸ் வர்ற வரைக்கும் அவ என்கூடப் பேசல. பஸ்ல எனக்குக் கெடச்ச ரெண்டாம் பரிசு அது.

அப்புறம் ராயல் மைல்ல தரையில இதயம் மாதிரி கல்லு பதிச்சிருக்காங்களே, அது. அவ்வளவு கௌரவமான ஊரு, அந்தக் கல்லு மேல எல்லாரும் துப்பிட்டுப் போறாங்க. துப்பினா அதிர்ஷ்டமாம். ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போற என் தங்கச்சி, கையுறை போட்டுக்கிட்டு, அக்கம்பக்கம் பாத்துட்டு, 'தூ'ன்னு துப்பினியே! நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

பூக்கடிகாரம் ரொம்ப அழகு. கடிகாரத்தத் தரையில நட்டு வெச்சிருக்காங்க, அடுத்த வருஷம் கைக்கடிகாரமாக் காய்க்குமான்னு தோட்டக்காரனக் கேட்டேன். "கேக்கறதுல நீ நானூறாவது ஆளு"ன்னான். ஆனா பொரிச்ச மீன் மேலயும் உருளைக்கிழங்கு வறுவல் மேலயும் அந்தப் பழுப்புக் குழம்ப ஊத்தறீங்களே, அத மட்டும் மன்னிக்க முடியாது. மீனுக்கு அவமானம்.

கறுப்புக் கோபுரத்துல ஏறினேன். உச்சி வரைக்கும்! மேலருந்து பாத்தா கடல் தெரிஞ்சுது, எங்க பக்கத்துக் கடல் மாதிரியே சாம்பல் கலரு. உன் நீலக் கோட்டும் தெரிஞ்சுது, பட்டாணி அளவுல. தொப்பிய ஆட்டினேன். நீ பாக்கல. நெஞ்சுல கைய வெச்சுக்கிட்டு தலைகுனிஞ்சு உக்காந்திருந்தே. குளிரு போலன்னு நெனச்சேன்.

இன்னொண்ணும் கேக்கணும். நீ எப்பலேருந்து கடை ஜன்னல் பைத்தியமானே? பைப்பு வாத்தியக் கடை முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னே. அந்தச் சத்தம் கேட்டாலே நீ காதுல பஞ்சு வெக்கறவ. குழந்தை வண்டிக் கடை முன்னாடி ஏழு நிமிஷம். உனக்கு அறுபத்தேழு வயசு. ஏதாவது நல்ல சேதி இருந்தா அண்ணன்கிட்ட மறைக்காதே.

ஊர் திரும்பியும் சந்தோஷம் அடங்காத,
கிப்பி

*

லீத்
26 செப்டம்பர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் பெட்டிகுரூவுக்கு வாசித்துக் காட்டினேன். போலீஸ்காரர் வந்த இடத்தில் அவருடைய பல் செட் கழன்று விழுந்துவிட்டது.

நானும் பல வருடங்களாக இப்படிச் சிரித்ததில்லை. அந்த மூன்று நாளும் எனக்குத் தூக்கமே வரவில்லை, விடிந்தால் உன்னோடு சுற்றலாம் என்ற சந்தோஷத்தில்.

ஆனால் ஒரு கணக்கு எனக்கு உதைக்கிறது. நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் தெருக்கதவு வரை வந்தாய். "முட்டி வலிக்குதும்மா, மாடி ஏற முடியாது" என்று சொல்லி, பாலாடைக்கட்டியைப் படிக்கட்டின் அடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாய். நான் மேலே வந்து ஆட்டுக்கறிச் சாறையும் இரண்டு தட்டுகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அந்தக் கறுப்புக் கோபுரத்தில் ஏறினாய். சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினாய், பெஞ்சில் இருந்த எனக்கே கேட்டது. இறங்கி வந்து தொப்பியைக் கழற்றி, "இருநூத்து எண்பத்தேழு!" என்று தோட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அறிவித்தாய்.

என் வீட்டுக்கு ஐம்பத்து நாலு படி, அண்ணா.

ராபினா

*

ஸ்ட்ராம்னஸ்
30 அக்டோபர் 1986

பீனிக்கு,

நான் சௌக்கியம். மழை. பதில் எழுத நேரம் கெடைக்கல. கோழிக் கொட்டகைக்குக் கூரை மாத்தினேன்.

முட்டி ஒரு நாள் போல இன்னொரு நாள் இருக்கறதில்ல. வெள்ளிக்கிழமை வலிச்சுது, சனிக்கிழமை வலிக்கல. முட்டிக்கு என்ன கணக்கு தெரியும்? அதுவும் என்ன மாதிரி பன்னெண்டு வயசுலயே படிப்ப நிறுத்தினது.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லல. ஜன்னல்ல என்ன பாத்தே?

கிப்பி

*

லீத்
11 நவம்பர் 1986

அன்புள்ள அண்ணனுக்கு,

உடல்நலம் விசாரித்து ஆரம்பிப்பதுதான் முறை. இந்தமுறை என் உடல்நலம்தான் சேதியே.

நான் எந்த ஜன்னலையும் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியது, நின்றேன். நின்றால் நீ கேட்பாய், அதனால் கண்ணாடியைப் பார்த்தேன். என் நெஞ்சில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லையாம். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததுதான் நான் சொன்ன "சில வேலைகள்". ஜனவரி பதினாலாம் தேதி அறுவை. டாக்டர் நம்பிக்கையாகப் பேசுகிறார். எனக்கு முக்கால்வாசி நம்பிக்கை இருக்கிறது.

இனி உன் முட்டியைப் பற்றி.

ஐம்பத்தைந்தாம் வருடம் பிறந்த ராத்திரி, ஹாக்மனி. பன்னிரண்டு அடித்ததும் கறுப்பு முடி உள்ள ஆண்பிள்ளை நிலக்கரித் துண்டோடு முதல் காலை எடுத்து வைத்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம். செம்பட்டை முடியன் வந்தால் துரதிர்ஷ்டம். எங்கள் படிக்கட்டு முழுவதற்கும் பெட்டிகுரூதான் முதல் கால், அவர் முடி அப்போது காக்காய்க் கறுப்பு. முதல் மாடியில் அவருக்கு ஊற்றிக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குள் உன் கப்பல் லீத்துக்கு வந்து, செக்கச் சிவந்த தலையோடு நீ பாடிக்கொண்டே மாடி ஏறி வந்துவிட்டாய். மார்ச் மாதம் என் அலெக் போய்விட்டார், நான் விதவையானேன்.

சவ அடக்கம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது, அத்தனை பேர் முன்னால், "அந்தத் தலையோட நீதானே முதல்ல உள்ள வந்தே" என்று நான் சொன்னேன். நீ கோப்பையைக் கீழே வைத்தாய். தொப்பியை எடுத்தாய். அதற்குப் பிறகு படகு, பசு, கோழி.

நீ மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. இந்தச் செப்டம்பரில், தெருக்கதவில் நின்று மேலே பார்த்தாயே, அப்போதுதான் நீ ஒரு நாள்கூட மறக்கவில்லை என்று தெரிந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அலெக்குக்கு நுரையீரலில் கட்டி என்று அதற்கு முந்தைய நவம்பரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். பண்டிகை முடியும்வரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். அன்று ராத்திரி உன் பாட்டு கீழே கேட்டபோது நான் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், பெட்டிகுரூ வரட்டும் என்று. அலெக் என்ன சொன்னார் தெரியுமா? "திறடி. பெட்டிகுரூ வந்தா அதிர்ஷ்டம் வரும், கிப்பி வந்தா சிரிப்பு வரும். எனக்கு இந்த வருஷம் எது வேணும்னு எனக்குத் தெரியும்."

விடிய மூன்று மணிவரை சிரித்தார். உனக்கு ஞாபகம் இருக்கும். இதை அன்றைக்கே நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் என்னைத் தடுத்தது, பிறகு வருடங்கள் தடுத்தன.

இந்த ஹாக்மனிக்கு நீ வா. என் வீட்டுக்கு நீதான் முதல் கால்.

உன் தங்கை,
பீனி

*

ஸ்ட்ராம்னஸ்
4 டிசம்பர் 1986

பீனிக் கண்ணுக்கு,

உன் லெட்டர நாலு தடவ படிச்சேன். அஞ்சாவது தடவ கோழிங்களுக்கும் படிச்சுக் காட்டினேன்.

அலெக் தெரிஞ்சேதான் திறக்கச் சொன்னானா? அந்தத் திருட்டுப்பய. என் கப்பல் தொப்பியப் போட்டுக்கிட்டு மேஜை மேல ஏறி ஆடினானே அன்னிக்கு. நான் அவனக் குடிகாரன்னு வேற திட்டினேன்.

உன் மேல எனக்குக் கோவம் இருந்ததே இல்ல. அது சத்தியம். பயம் இருந்துச்சு. எனக்கு மிச்சம் இருந்தது நீ ஒருத்திதான். அதையும் நான் போய் மிதிச்சுடக்கூடாதுன்னுதான் வராம இருந்தேன்.

இப்ப என் தலை வெள்ள. வெள்ளத் தலைக்காரன் முதல் கால் வெச்சா என்ன ஆகும்னு தோராவக் கேட்டேன். ராத்திரி பூரா புஸ்தகத்தப் புரட்டிட்டு, "போடல"ன்னா. அவளுக்குத் தெரியாத ஒண்ண அவ ஒத்துக்கிட்டது ஊர்லயே இதுதான் முதல் தடவ. ஆனா வெள்ளைக்குக் கீழ அதே செம்பட்டைதானே இருக்கு? பதினாலாந்தேதி கத்தி வெக்கப்போற உடம்பு. அந்த வீட்டுலயா நான் பரிசோதனை பண்றது? பெட்டிகுரூவையே கூப்பிடு. அவர் தலைலயும் ஒண்ணும் இல்ல, அதனால தப்பும் இல்ல.

இந்தக் கடுதாசிய மூணு தடவ கிழிச்சுட்டு எழுதறேன். ஒரு நிலக்கரித் துண்ட தனியா எடுத்து ஜன்னல்ல வெச்சிருக்கேன். ரொம்பக் குளிரா இருக்கு, ஆனாலும் அத அடுப்புல போட மனசு வரல.

கிப்பி

*

ஆஸ்பத்திரி, எடின்பரோ
22 ஜனவரி 1987

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறேன், கையெழுத்து மட்டும் கோழி கிளறியது போல இருக்கும். நேற்றும் நீ வந்து போனாயாம், நான் தூங்கிவிட்டேன். அதனால்தான் என் வீட்டு முகவரிக்கே உனக்குக் கடிதம் எழுதுகிறேன். வேடிக்கையாக இருக்கிறது.

இந்த வார்டில் நீ பெரிய ஆள். தையலைப் பிடித்துக்கொண்டு நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து நர்ஸ் கேட்டாள். சொன்னேன். ஹாக்மனி ராத்திரி மணி பன்னிரண்டு அடித்தது, கதவைத் தட்டினார்கள், திறந்தேன். வெளியே ஒரு கிழவன். கையில் நிலக்கரி. தலை பூராவும் கறுப்பு ஷூ பாலிஷ். கடவுள் கொடுத்த மழையில் அது அத்தனையும் கரைந்து நெற்றி, மூக்கு, காலர் எல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. "கறுப்புத் தலைக்காரன் வந்திருக்கேன்மா, உள்ள வரலாமா?" என்று கேட்டான். பின்னால் பெட்டிகுரூ, பாலிஷ் டப்பாவும் பிரஷ்ஷும் கையில். "நான் மூணு பூச்சு போட்டேன், மழை வரும்னு இவன் சொல்லல" என்று என்னிடமே புகார் செய்தார்.

நர்ஸ் கேட்டாள், "நீங்க என்ன பண்ணீங்க?"

அலெக் செய்ததைத்தான் செய்தேன் என்றேன். கதவை விரியத் திறந்தேன்.

தலையணை உறையில் அந்தக் கறை போகவில்லை என்றால் விட்டுவிடு, தோய்க்க வேண்டாம்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குக் கத்தியைவிடப் படிக்கட்டுதான் பயமாக இருக்கிறது. வீட்டுக்கு எத்தனை படி என்று டாக்டர் கேட்டார். பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன். இல்லையென்றால் வேறெங்காவது அனுப்பிவிடுவார்கள். எதிர்ப்படுகிறவர்கள் பார்க்க, பாதியில் நின்று மூச்சு வாங்க எனக்கு வெட்கம்.

பீனி

*

உன் சமையலறை மேஜை, லீத்
23 ஜனவரி 1987

பொய்க்காரி பீனிக்கு,

நான் சௌக்கியம். ஸ்ட்ராம்னஸ் கோழிங்கள தோரா பாத்துக்கறா. நேத்து தந்தி மாதிரி ஒரு கார்டு வந்துச்சு: "முட்டை எட்டு. உன்ன இன்னும் மன்னிக்கல."

பன்னெண்டு படின்னு சொன்னியா? டாக்டருக்கே கணக்கு சொல்லித் தர்ற அளவுக்கு வளந்துட்டே. பரவால்ல, நான் காட்டிக்குடுக்க மாட்டேன். இந்த மூணு வாரத்துல இந்தப் படிய நான் எத்தன தடவ ஏறி இறங்கினேன்னு எனக்கே தெரியாது. ஐம்பத்து நாலும் ஐம்பத்து நாலேதான். ஒரு தடவகூட ஒண்ணும் இடிஞ்சு விழல.

இன்னிக்கு நானும் பெட்டிகுரூவும் ஒரு வேலை செஞ்சோம். பதினெட்டாவது படியில, முதல் மாடி தளத்துல, ஒரு நாற்காலி போட்டிருக்கேன். அதுக்கு எதிர்ல பழைய ஜன்னல் சட்டம் ஒண்ணு, கண்ணாடியோட, சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்கேன். உள்ள பைப்பு வாத்தியம் ஒண்ணு. பெட்டிகுரூவோட சித்தப்பா வாசிச்சது, பை ஓட்டையாயிடுச்சு, அதனால சத்தம் வராது. பயப்படாதே. முப்பத்தாறாவது படியில இன்னொரு நாற்காலி, இன்னொரு ஜன்னல். அதுல ஒரு குழந்தை வண்டி. கீழ்வீட்டுக்காரங்க இரவல் குடுத்தாங்க. அதுக்குள்ள நம்ம ஊர் பாலாடைக்கட்டிய போர்வ போத்திப் படுக்க வெச்சிருக்கேன். விலைச்சீட்டு எல்லாம் எழுதி ஒட்டியாச்சு. கடைன்னா கடை மாதிரி இருக்கணும்.

யாராவது எதிர்ல வந்தா, நீ பாட்டுக்கு ஜன்னலப் பாரு. வேணுங்கற நேரம் பாரு. நான் பக்கத்துல நின்னு நானும் பாப்பேன். எதுக்கு நின்னேன்னு கேக்கவே மாட்டேன்.

ஐம்பத்து நாலாவது படியில கடை எதுவும் வெக்கல. அங்க கதவு திறந்திருக்கும். அந்த நிலக்கரித் துண்டு அடுப்பு மேலயே இருக்கு, நீ வந்துதான் பத்த வெக்கணும்.

சனிக்கிழமை காலைல வண்டியோட வர்றேன். புதுத் தொப்பி போட்டுக்கிட்டு.

உன் முதல் கால்,
கிப்பி